ஜோல் சொல்லாத மூக்கு

டப்பாவைத் திறந்ததும் முன்னா எழுந்து போனான். போகிற போக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, இது மீனா, செத்த எலியா?" என்று ஹிந்தியில் கேட்டான். அவன் உத்தரப்பிரதேசத்துப் பையன். தகடு தட்டுகிற வேலை. கருவாடு என்றால் அவனுக்கு ஆகாது.

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய் போட்டு வைத்திருந்தாள் என் வீட்டுக்காரி. எங்கள் கோடவுனில் பெயின்ட் வாடை, எண்ணெய் வாடை, துரு வாடை எல்லாம் உண்டு. அத்தனையையும் அமுக்கிவிட்டு அது எழுந்தது.

அத்தான் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். முகம் தெருப் பக்கம் இருந்தது. டப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை.

"என்ன மாப்ள, இன்னிக்கு என்ன குழம்பு?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"சாம்பாரா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி டப்பாவைப் பார்த்தார். பார்த்த பிறகுதான், "அட, கருவாடா! இந்தா வாரேன்" என்று கை கழுவ எழுந்தார்.

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

அத்தானுக்கு மூக்குதான் வேலை. அந்த மூக்கை நம்பித்தான் நான் தீ வைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டவர்களுக்கு

போன வாரம் எழுதியதில் ஜோல் என்ற வார்த்தை வந்துவிட்டது. ஊரிலிருந்து சிலர் அர்த்தம் கேட்டிருக்கிறார்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பம்பாயில் இது எல்லோர் வாயிலும் இருக்கிற வார்த்தை. பாலில் தண்ணீர் கலந்தால் ஜோல். ரிக்ஷாக்காரன் சுற்றி வளைத்துப் போனால் ஜோல். கேரம் ஆடும்போது விரலால் காயை நகர்த்தினால், "ஏல, ஜோல் பண்ணாத." மாட்டுங்காவில் ஆபீஸ் போகிற நம் ஆட்கள் ஃப்ராடு என்று சொல்வார்கள். தாராவியில் ஜோல்தான்.

கோவண்டியில் இருக்கிற என் அக்கா பேச்சி இந்த வார்த்தையைப் புருஷனுக்கென்றே வைத்திருக்கிறாள். அத்தான் காரணமில்லாமல் பூ வாங்கி வந்தால் போதும். "ஏ தம்பி, ஒங்க அத்தான் பல்லக் காட்டுதாரு. என்னமோ ஜோல் இருக்கு" என்று எனக்குப் போன் வரும்.

ஊரில் பித்தலாட்டம் என்போம். கள்ளத்தனம் என்போம். அதையெல்லாம் சொல்லும்போது ஏமாந்து முடிந்திருக்கும். செய்தவன் யாரென்றும் தெரிந்திருக்கும். ஜோல் அதற்கு முன்னாலேயே வரும். யார் செய்தான், என்ன செய்தான், எதுவும் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் உள்ளே அடிக்கும். அப்போது சொல்கிற வார்த்தை அது.

மற்ற இடங்களில் விளையாட்டாகச் சொல்வார்கள். எங்கள் கோடவுனில் அப்படிச் சொல்லமாட்டோம்.

கூரையில் ஒரு ஓட்டை

எங்கள் வேலை இரும்பு டிரம் வெட்டுவது. வாஷிக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து லாரியில் காலி டிரம் வரும். நான் கேஸ் கட்டரால் தலையை வெட்டி எடுப்பேன். நல்லது தண்ணீர் டிரம் ஆகும். மற்றது தகடு ஆகும்.

நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்முக்குத்தான் பயப்பட வேண்டும். உள்ளே தின்னரோ வேறு கெமிக்கலோ இருந்திருந்தால், காலியான பிறகும் அதன் ஆவி போகாது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி போதும்.

எனக்கு முன்னால் கட்டர் பிடித்தவர் ஒரு பெரியவர். சோப்பு எண்ணெய் இருந்த டிரம் என்று சொல்லி ஒருவன் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே இருந்தது வேறு. மேல் தகடு கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அந்த ஓட்டை இப்போதும் இருக்கிறது. மழையில் பிளாஸ்டிக் போடுவோம். வெயில் காலத்தில் எடுத்துவிடுவோம். மத்தியான வெயில் அது வழியாக வட்டமாகத் தரையில் விழும். அந்த வட்டத்தில் யாரும் டிரம் வைப்பதில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புதிதாக வருகிறவனும் வைக்கமாட்டான்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி வெட்டினால் பயமில்லை. ஆனால் தாராவியில் தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கிற தண்ணீரே காலையில் கொஞ்ச நேரம்தான். கோடவுனுக்குக் குழாய் இல்லை. எல்லா டிரம்முக்கும் டேங்கர் வரவழைக்க எங்கள் முதலாளி சேட்டுக்கு மனசு வராது.

அதனால் சேட் மூக்கு ஒன்றைத் தேடினார். அப்படித்தான் அத்தான் வந்தார். பெயர் சுடலைமுத்து. பெயின்ட் கோடவுனில் பல காலம் இருந்தவர். மூடியைத் திருகித் திறப்பார். மூக்கை நேராக வைக்கமாட்டார். உள்ளங்கையால் காற்றை இரண்டு தரம் தன் பக்கம் தள்ளுவார். அவ்வளவுதான்.

சரியாக இருந்தால், "சலோ."

கொடுத்தவன் சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று என்றால், "ஜோல்."

ஜோல் விழுந்த டிரம் ஓரமாகப் போகும். அதற்கு மட்டும் தண்ணீர். சலோ விழுந்ததில் நான் தீ வைப்பேன். நான் கட்டரைப் பற்றவைக்கும்போது அத்தான் தெருவுக்குப் போய் பீடி குடிப்பார். வேலை இப்படித்தான் நடந்தது.

எல்லாம் நல்ல மால்

அன்று மத்தியானம் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி சிலிண்டரை மூடினேன். கேஸ் இருந்தது. தகடு அடுக்கப் போனேன். கை அடுக்கியது. மனசு பின்னால் போயிற்று.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வந்தது. அத்தானும் படுத்தார். இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஜோல் வந்ததா?

யோசித்துப் பார்த்தேன். ஒரு தரம்கூட இல்லை.

முன்னால் லாரிக்கு ஒன்றாவது விழும். கொடுத்தவனை ஏசிக்கொண்டே ஓரம் கட்டுவோம். பிறகு விழவே இல்லை. கம்பெனிக்காரர்கள் நன்றாகக் கழுவி அனுப்புகிறார்கள் என்று நினைத்தோம். "இப்பல்லாம் நல்ல மால் வருது" என்று சேட் எல்லோரிடமும் சொன்னார். மால் என்றால் சரக்கு. முன்னாவுக்குச் சந்தோஷம், தண்ணீர் சுமக்கிற வேலை இல்லை. எனக்கும் சந்தோஷம்தான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கையால் காற்றைத் தள்ளுவதை அவர் விட்டிருந்தார். டிரம்மின் வாயில் மூக்கையே வைத்து நீளமாக இழுப்பார். காய்ச்சலுக்குப் பிறகு வேலையில் அக்கறை கூடிவிட்டது என்று நான் நினைத்தேன்.

பீடிக்கும் போவதில்லை. நான் தீ வைக்கும்போது டிரம்மைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். வயதாகிவிட்டது, பாசம் வந்துவிட்டது என்று அதையும் நினைத்தேன்.

இத்தனை மாதத்தில் எத்தனை டிரம் வெட்டியிருப்பேன்? எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரி கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள். நீயே வை என்றேன்.

துணி

நேரடியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார். சளியாகவும் இருக்கலாம். மூக்குக்காரரின் மூக்கைச் சந்தேகப்படுவது சின்ன விஷயமில்லை. அக்கா புருஷன் வேறு.

மறுநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம். கடலை எண்ணெய் வந்த ஒரு டிரம்மை இழுத்தேன். அதில் பயமில்லை. ஒரு துணியைத் தின்னரில் நனைத்துக் கம்பியில் கட்டி, மூடி வழியாக உள்ளே தொங்கவிட்டேன். கம்பி நுனியை வெளியே தெரியாதபடி உள் விளிம்பில் மாட்டினேன். மூடியை லேசாகத் திருகினேன். பக்கத்தில் நின்றாலே கண் எரிந்தது.

கட்டர் சிலிண்டரைத் திறக்கவில்லை. பொறி தட்டுகிற லைட்டரை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். அதிலும் கல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தான் வந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். மூடியைத் திறந்தார். குனிந்து மூக்கை வைத்தார். இழுத்தார்.

அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருமிவிடு அத்தான், திட்டிவிடு அத்தான், எவன்ல இத வச்சதுன்னு கேட்டு என்னை அடித்துவிடு அத்தான் என்று மனசுக்குள் ஓடியது.

நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சலோ."

பிறகு டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என் தோளோடு தோள் ஒட்டி நின்றார்.

"என்ன மாப்ள பாக்க? பத்த வையி."

என்னைத் தூக்கி வளர்த்த அக்காவின் புருஷன். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க முன்னால் நின்றவர். பத்த வை என்று சொன்னார்.

கம்பியை வெளியே இழுத்தேன். துணியை அவிழ்த்து அவர் கையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். அப்போதும் புரியவில்லை. தின்னர் கையில் பட்டால் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிர் ஏறின பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. துணியை மூக்கில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது

"எப்ப இருந்து?"

"காய்ச்சலுக்குப் பெறகு."

"அது மழைக்கு வந்தது. இப்ப வெயில் அடிக்கு அத்தான்."

"தானா வந்திரும்னாரு டாக்டரு. நாளைக்கு வந்திரும், நாளைக்கு வந்திரும்னு இருந்தேன். டெய்லி காலையில தைல பாட்டிலத் தொறந்து வச்சிப் பாக்கேன். எரியிது. வாடை வரமாட்டேங்கு."

"சொல்லியிருக்கலாம்லா?"

"யார்ட்ட? சேட்டுட்டயா? அன்னைக்கே வீட்டுக்குப் போன்னுருவான். நெஞ்சு சரியில்ல. ஒரு கண்ணு மங்கலு. மூக்கு ஒண்ணுதான் உருப்படியா இருந்துச்சு. அதும் போயிட்டுன்னு யார்ட்டப் போயி சொல்ல?"

"என்ட்ட."

வெளியே முன்னா தகடு தட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் ஒன்ன மட்டும் விட்டுட்டு ஒதுங்கல மாப்ள" என்றார். குரல் கீழே போயிருந்தது. "பீடிக்குக்கூடப் போகல பாத்தியா? பக்கத்துலதான நின்னேன். போனா ரெண்டு பேருமா போவோம்னு."

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று வாய் வந்துவிட்டது.

"நல்லாருக்கு ஒங்க கணக்கு. ஒரே நாள்ல அவளுக்குப் புருசனும் இல்ல, தம்பியும் இல்ல. யார் தோள்ல விழுந்து அழுவா? சேட் தோள்லயா?"

அவர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"இதுக்கு என்ன பேரு அத்தான்? நீங்களே சொல்லுங்க."

கூரை ஓட்டை வழியாக வெயில் வட்டம் நகர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்தது. அத்தான் காலை இழுத்துக்கொண்டார்.

"ஜோல்" என்றார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

சேட்டிடம் நான் சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் இனிமேல் தீயும் வைக்கமாட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அன்று ரெண்டு பேரும் வேலை செய்யவில்லை. சயான் ஸ்டேஷன் வரை கூடவே நடந்தேன். ரயில் ஏறும்போது, "அக்காட்ட..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ரயில் நகர்ந்துவிட்டது.

எனக்கு அப்போதும் பயம் போகவில்லை. அவர் மறுநாள் வருவாரா என்பதே தெரியவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

லாரி வந்த காலை

வந்தார். எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். குளித்து, திருநீறு பூசி, புதுச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

லாரி வந்தது. டிரம்களை உருட்டி வரிசையாக நிறுத்தினோம். சேட் நாற்காலியில் இருந்தார். அத்தான் முதல் டிரம்முக்குப் போனார். மூடியைத் திறந்தார். குனியவே இல்லை.

"ஜோல்."

முன்னா ஓரமாக உருட்டினான். அடுத்தது.

"ஜோல்."

அடுத்ததும் ஜோல். அதற்கு அடுத்ததும். முன்னா உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன். அத்தான் நிறுத்தவில்லை. வரிசை முழுக்க நடந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் கையை வைத்து ஜோல், ஜோல் என்று சொல்லிக்கொண்டே போனார்.

சேட் எழுந்துவிட்டார். "க்யா ரே சுடலை! சப் மே ஜோல்? எல்லாத்துலயுமா? தலை கிலை சுத்துதா?" சேட்டுக்குத் தமிழும் வரும், பாதிப் பாதியாக.

"டிரம்ல இல்ல சேட். என் மூக்குல."

சொல்லிவிட்டார். மிச்சத்தையும் சொன்னார். காய்ச்சல், தைலம், எல்லாம்.

சேட் கத்தினார். எழுத முடியாத வார்த்தையெல்லாம் வந்தது. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கத்திக்கொண்டே இருந்த சேட் எதற்கோ மேலே பார்த்தார். கூரை ஓட்டை. சத்தம் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு முன்னாவிடம், "பானி மங்காவ்" என்றார். தண்ணீர் வரவழை.

டேங்கர் வந்தது. நிரப்பினோம். நடுவில் ஒரு டிரம்மில் தண்ணீர் ஏற ஏற, உள்ளே மிச்சம் கிடந்த கெமிக்கல் மூடி வழியாகப் பிதுங்கி வெளியே வந்தது. முன்னா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். நானும் பின்வாங்கினேன். அந்த டிரம்மைக் கழுவியாயிற்று என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

அத்தான் மட்டும் அதன் பக்கத்தில் அப்படியே நின்றார். கண்ணில் நீர் ஓடியது. வாடையால் ஓடியதா என்று நான் கேட்கவில்லை.

கண்ணை மூடு மாப்ள

சேட் அவரை அனுப்பவில்லை. வெட்டின டிரம்முக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். சம்பளத்தைக் குறைத்துவிட்டார். அக்கா கொஞ்ச நாள் ரெண்டு பேரிடமும் பேசவில்லை. என்னிடம் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "ஒனக்கு மூக்கு இல்லயால? அவரு மூக்குலதான் மூச்சு விடுவியோ?" என்றாள். சரிதான்.

இப்போது மோந்து பார்ப்பதும் நான்தான், வெட்டுவதும் நான்தான். சந்தேகம் வந்தால் தண்ணீர். சந்தேகம் அடிக்கடி வருகிறது. சேட் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

என் மூக்கையும் எப்படி நம்புவது? எனக்கும் சளி பிடிக்கிறது. எனக்கும் காய்ச்சல் வருகிறது. அதனால் அத்தான் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். காலையில் கட்டரைத் தொடுவதற்கு முன்னால், "கண்ண மூடு மாப்ள" என்பார். ஏதாவது ஒரு டப்பாவை என் மூக்குக்குக் கீழே நீட்டுவார். ஒரு நாள் கருவாடு. ஒரு நாள் ஏலக்காய். ஒரு நாள் மண்ணெண்ணெய். சரியாகச் சொன்னால்தான் சிலிண்டரைத் திறக்க விடுவார். முன்னா இதைப் பார்த்துச் சிரிப்பான். அத்தான் சிரிக்கமாட்டார்.

இந்த மழைக்கு எனக்கு உடம்பு சுட்டது. ரெண்டு நாள் படுத்து எழுந்து வந்தேன். லாரி நின்றிருந்தது. சேட் அவசரப்படுத்தினார்.

"கண்ண மூடு மாப்ள."

மூடினேன். டப்பா மூக்கில் படுகிற மாதிரி வந்தது. இழுத்தேன்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி இழுத்தேன். ஒன்றுமே இல்லை. வீட்டில் பிள்ளைகள் முகம் வந்தது. சேட் நாற்காலியில் அசைவது கேட்டது. கருவாடு என்று சொல்லிவிடலாம். அடிக்கடி கருவாடுதான் வைப்பார். வார்த்தை நாக்கு நுனியில் வந்துவிட்டது. நாளைக்கு மூக்கு வந்துவிடும் என்று எனக்குள்ளே யாரோ சொன்னார்கள். அத்தானுக்குச் சொன்ன அதே குரலாகத்தான் இருக்கும்.

"என்ன மாப்ள? சொல்லு."

"ஒண்ணும் வரல அத்தான்."

கண்ணைத் திறக்கப் பயந்து அப்படியே நின்றேன்.

என் தோளில் கை விழுந்தது. கனமாக விழுந்தது. கண்ணைத் திறந்தேன். அத்தான் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். கழுவித் துடைத்த காலி டப்பா. பக்கத்தில் இருந்த இன்னொரு டப்பாவைத் திறந்து நீட்டினார், கருவாட்டு வாடை குப்பென்று ஏறியது.

"சலோ" என்றார்.

முதல் டிரம்மை மோந்து பார்த்துவிட்டு லைட்டரை எடுத்தேன். பொறி விழ வெகு நேரம் ஆயிற்று.